அந்நியர் எழுதக் கூடாத மொய்

2012 செப்டம்பர். கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில், ராத்திரி பத்து மணிக்கு மேல், ஒபாமாவுக்கு 25 டாலர் கொடுத்துவிடுவது என்று லேப்டாப்பைத் திறந்தேன். கொள்கைப் பிடிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒஹாயோவில் அந்த வருஷம் டிவியைப் போட்டாலே தேர்தல் விளம்பரம்தான். ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும்போது நாமும் ஒரு மொய் எழுதிவிடலாமே என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

கார்டு எண்ணெல்லாம் போட்டு முடித்த பிறகு கீழே ஒரு சின்னக் கட்டம் வந்தது. நான் அமெரிக்கக் குடிமகன், அல்லது சட்டப்படி நிரந்தரமாகக் குடியேறியவன் என்று உறுதி சொல்லி அதில் டிக் அடிக்க வேண்டும். நான் அப்போது ஹெச்-1பி. வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வரி கட்டுகிறேன், சோஷியல் செக்யூரிட்டிக்குப் பணம் பிடிக்கிறார்கள், ஆனால் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் அது பொய். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் இதைச் சொன்னேன். பெரியப்பா எழுபதுகளில் தூத்துக்குடியிலிருந்து வந்த டாக்டர். 1984இல் ரீகனுக்குப் போட்ட முதல் ஓட்டிலிருந்து குடியரசுக் கட்சி. "ஏலே, ஒபாமாவுக்குக் குடுக்கதுக்கு அந்தக் காசக் கடல்ல போட்டிருக்கலாம்ல" என்றார். வாசலில் மிட் ராம்னி பலகை நட்டிருந்தார். அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் ஒரு வக்கீல், பிறந்ததிலிருந்தே ஜனநாயகக் கட்சி என்று சொல்லிக்கொள்வாள். அவள்தான் சட்டத்தைச் சொன்னாள். "நல்ல வேளை தம்பி. ஒரு டாலர் குடுத்தாலும் தப்புதான்."

பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் மகளும் போட்ட சண்டையைத்தான் எழுதப் போகிறேன். வெளிநாட்டுக்காரன் நம் தேர்தலில் மூக்கை நுழைக்கலாமா என்று கேட்டால் இருவருமே கூடாது என்பார்கள். யார் நுழைத்தது, எந்தக் கதவு வழியாக என்று கேட்டால் அவியல் ஆறிப்போகும் வரை பேசுவார்கள்.

முதலில் சட்டம். 1960களில் பிலிப்பைன்ஸ் சர்க்கரை முதலாளிகளின் தரகர்கள் வாஷிங்டனில் பணத்தை வைத்து விளையாடிய கதை செனட் விசாரணையில் வெளிவந்தது. அதன் பிறகு 1966இல், வெளிநாட்டு அரசுகளுக்காக வேலை பார்ப்பவர்கள் தேர்தலுக்குப் பணம் தரக் கூடாது என்று தடை வந்தது. வாட்டர்கேட் ஊழல் நாற்றம் அடங்காத 1974இல், வெளிநாட்டவர் யாருமே தரக் கூடாது என்று விரித்தார்கள், கிரீன் கார்டுக்காரர்களை மட்டும் விட்டுவிட்டு. 2002இல் இன்னும் இறுக்கினார்கள். பணம் மட்டுமில்லை, 'மதிப்புள்ள எந்தப் பொருளும்' கூடாது. கொடுப்பதும் தப்பு, கேட்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு.

என்னைப் போலவே ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கிறார். புளூமன் வழக்கு. சட்டம் படித்துவிட்டு வேலை விசாவில் நியூயார்க்கில் இருந்த ஒரு கனடாக்காரர். தனக்குப் பிடித்த வேட்பாளர்களுக்குக் கொஞ்சம் பணம் தரவும், துண்டுப் பிரசுரம் அச்சடித்து சென்ட்ரல் பார்க்கில் கொடுக்கவும் அனுமதி கேட்டார். 2011இல் மூன்று நீதிபதிகள் கூடாது என்றார்கள். தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் காரியத்தில் அந்நியரை விலக்கி வைக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்பது வாதம். தீர்ப்பை எழுதியவர் பிரெட் கவனாக், பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாரே, அவரேதான். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணையே இல்லாமல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நான் லேப்டாப்பை மூடியதற்கு எட்டு மாதம் முன்னால்.

எனக்கு அதில் வருத்தமில்லை. கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எழுதுகிற மொய் நோட்டில் வழிப்போக்கன் எழுதினால் யாராவது ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள். மொய் என்பது சும்மா கொடுப்பது இல்லையே, திரும்பி வர வேண்டியது.

பெரியப்பாவின் பட்டியல் 1996இல் தொடங்கும். கிளிண்டன் இரண்டாம் முறை நின்ற தேர்தல். கலிபோர்னியாவில் ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய பௌத்தக் கோயில், ஷீ லாய். ஏப்ரல் மாதம் துணை அதிபர் அல் கோர் அங்கே விருந்துக்குப் போனார். பிறகு பார்த்தால், மொட்டையடித்த பிக்குணிகள் ஆளுக்கு 5,000 டாலர் வீதம் ஜனநாயகக் கட்சிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கோயில் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நமக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னால் பினாமி. உலகப் பற்றைத் துறந்தவர்கள் பெயரில் செக். பெரியப்பா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் தொடையைத் தட்டிச் சிரிப்பார். செனட் விசாரணையில் பிக்குணிகள் வந்து, சில ஆவணங்களை அழித்துவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். ஏற்பாட்டாளர் மரியா ஷியா 2000இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. இந்தோனேசியாவின் லிப்போ குழுமத்து ஜேம்ஸ் ரியாடி 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 86 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். ஜானி சுங் என்ற தொழிலதிபர் வெள்ளை மாளிகையைச் சுரங்க ரயிலோடு ஒப்பிட்டார், காசு போட்டால்தான் கதவு திறக்கும் என்று. பெரியப்பாவுக்கு இது திருக்குறள் மாதிரி மனப்பாடம்.

அக்கா சும்மா இருப்பாளா? அந்த விசாரணைக் குழுவின் தலைவர் ஃபிரெட் தாம்ப்சன், குடியரசுக் கட்சி. முடிவில் வந்தது ஒரு அறிக்கை இல்லை, கட்சிக்கொன்றாக இரண்டு. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எழுதியதில் ஹாங்காங் தொழிலதிபர் ஒருவரின் 21 லட்சம் டாலர் பிணையத்தில் குடியரசுக் கட்சியின் சிந்தனைக் குழு ஒன்று கடன் வாங்கிய கதை விரிவாக இருக்கிறது. "நீங்க ஒரு அறிக்கையத்தான் படிச்சீங்க அப்பா" என்பாள். அவளும் ஒன்றைத்தான் படித்திருந்தாள் என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் 2016 வந்தது.

இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ரஷ்ய ராணுவ உளவுத்துறை ஜனநாயகக் கட்சியின் கணினிகளுக்குள் புகுந்து மின்னஞ்சல்களைத் திருடி விக்கிலீக்ஸ் வழியாக வெளியிட்டது. 2018 ஜூலையில் அதன் அதிகாரிகள் 12 பேர் மீது பெயர் சொல்லிக் குற்றச்சாட்டு பதிவானது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புடினுக்கு நெருக்கமான தொழிலதிபர் பிரிகோஷின் நடத்திய ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கர் போல முகநூலில் எழுதினார்கள். 12 கோடியே 60 லட்சம் பேர் அதைப் பார்த்திருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இதில் கட்சித் தகராறு எதுவும் இருக்கத் தேவையில்லை. திருட்டு திருட்டுதான்.

தகராறு வருவது அடுத்த படியில். 2016 ஜூன் 9ஆம் தேதி டிரம்ப் டவரில், கிளிண்டனைப் பற்றி ரஷ்ய அரசிடம் இருந்து தகவல் கிடைக்கும் என்று சொல்லி வந்த ஒரு சந்திப்புக்கு டிரம்பின் மகனும் மருமகனும் பிரசாரத் தலைவர் மானஃபோர்ட்டும் போய் உட்கார்ந்தார்கள். தகவல் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கேட்பதே தப்பு என்கிறது சட்டம். அப்படியானால் ஏன் வழக்கு இல்லை? இதை விசாரிக்க நியமிக்கப்பட்ட சிறப்பு அதிகாரி ராபர்ட் முல்லர் 448 பக்க அறிக்கையில் இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எதிராளியைப் பற்றிய தகவல் 'மதிப்புள்ள பொருள்' ஆகலாம், ஆனால் எந்த நீதிமன்றமும் இதுவரை அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. இது குற்றம் என்று தெரிந்தேதான் போனார்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். இன்னொன்று விலை. கிரிமினல் வழக்குக்கு அந்தப் பொருள் 2,000 டாலராவது பெற வேண்டும், பெருங்குற்றமாக வேண்டுமானால் 25,000. வராத ஒரு தகவலுக்கு என்ன விலை போடுவது? பழைய பேப்பர் கடைத் தராசு கூட உதவாது.

பெரியப்பா அந்த அறிக்கை வந்த 2019 ஏப்ரலில் ஜிலேபி வாங்கி வந்தார். அக்கா அதைத் தொடவில்லை.

அதே பெரியப்பாதான் ஸ்டீல் ஆவணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கிளிண்டன் தரப்பு ஒரு வக்கீல் நிறுவனம் மூலமாக, அது இன்னொரு ஆய்வு நிறுவனம் மூலமாக, கிறிஸ்டோபர் ஸ்டீல் என்ற முன்னாள் பிரிட்டிஷ் உளவாளிக்குப் பணம் கொடுத்து டிரம்பைப் பற்றித் தகவல் திரட்டியது. அதில் பலதும் கடைசி வரை உறுதியாகவில்லை. எஃப்.பி.ஐ. அதை வைத்து ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கியதில் 17 பெரிய பிழைகள் இருந்ததாக நீதித்துறையின் சொந்தத் தணிக்கையாளரே 2019 டிசம்பரில் எழுதினார். "அவன் அந்நியன் இல்லையா? லண்டன்காரன்தானே?" என்பார் பெரியப்பா.

"காசு குடுத்து வாங்கினாங்க அப்பா. அது சேவை. நன்கொடை இல்லை" என்பாள் அக்கா.

"அப்ப சும்மா வாங்கினா குத்தம், விலை குடுத்து வாங்கினா யோக்கியமா?"

பல வருஷம் இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்தது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டு அச்சகத்தில் சந்தை விலை கொடுத்து நோட்டீஸ் அடித்தால் தப்பில்லை, அவன் இலவசமாக அடித்துக் கொடுத்தால் தப்பு. கேட்கக் கோணலாகத் தெரிந்தாலும் நம் மொய்க் கணக்கில் வைத்துப் பார்த்தால் புரிகிறது. கடையில் விலை கொடுத்து வாங்கினால் கடன் அங்கேயே தீர்ந்தது. சும்மா வாங்கியவன்தான் பிறகு எதையோ திருப்பித் தர வேண்டியிருக்கும். ஆனால் இதில் அக்கா சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. அந்தச் செலவைச் 'சட்ட ஆலோசனை' என்று கணக்குக் காட்டியதற்காக 2022இல் கிளிண்டன் பிரசாரம் 8,000 டாலரும் ஜனநாயகக் கட்சி 1,05,000 டாலரும் அபராதம் கட்டின. அதை நான்தான் ஒரு நாள் எடுத்துச் சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியப்பா எனக்கு இரண்டாவது கரண்டி பாயசம் ஊற்றினார்.

பாயசத்தோடு நான் நிறுத்தவில்லை. டிரம்போடு இருந்ததாகச் சொன்ன தொடர்பைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க ஸ்டார்மி டேனியல்ஸ் என்ற ஆபாசப் பட நடிகைக்குப் போன 1,30,000 டாலரைக் கேட்டேன். 2018 ஆகஸ்டில் டிரம்பின் வக்கீல் மைக்கேல் கோஹன் அதைத் தேர்தல் நிதிக் குற்றம் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அதே விவகாரம் தேர்தல் ஆணையத்துக்கு வந்தபோது 2021இல் இரண்டுக்கு இரண்டு என்று ஓட்டு விழுந்து கோப்பை மூடிவிட்டார்கள். ஒப்புக்கொண்டவன் உள்ளே போய்விட்டான், ஆணையத்துக்கு மட்டும் அதில் மேலே விசாரிக்க ஒன்றும் இல்லை. பெரியப்பா இதற்குச் சொன்ன பதில், "அது அவன் குடும்ப விஷயம்லே."

அந்த ஆணையத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர்த் தேர்தல் ஆணையம் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. இது வாக்குப்பதிவு நடத்துவதில்லை, பணக் கணக்கு மட்டும்தான். மொத்தம் ஆறு பேர். ஒரே கட்சியில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எதைச் செய்யவும் நான்கு ஓட்டு வேண்டும். வாட்டர்கேட்டுக்குப் பிறகு, ஆளும் கட்சி இதை வைத்து எதிர்க்கட்சியைப் பழிவாங்கிவிடக் கூடாது என்று பயந்து செய்த ஏற்பாடு. பயம் நியாயமானது. விளைவு என்னவென்றால், வேலிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஆடு கட்டி நடுவில் புல் வைத்த மாதிரி. அதுவாவது பரவாயில்லை. 2020 அதிபர் தேர்தல் நாளில் கூட்டம் நடத்தத் தேவையான நான்கு பேர் கூட அங்கே இல்லை. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அதன் ஜனநாயகக் கட்சித் தலைவர் எலன் வைன்ட்ராபை நீக்கினார். இன்னொரு பக்கத்தில் ஆட்கள் விலகினார்கள். மே மாதம் மறுபடியும் கோரம் இல்லை.

இந்த வைன்ட்ராப் யாரென்றால், 2019 ஜூனில், வெளிநாட்டிலிருந்து எதிராளியைப் பற்றித் தகவல் வந்தால் கேட்டுக்கொள்வேன் என்று டிரம்ப் ஒரு டிவி பேட்டியில் சொன்ன மறுநாள், அது சட்டவிரோதம், இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றே நினைக்கவில்லை என்று அறிக்கை விட்டவர். அவர் அப்படிச் சொன்ன அதே நாள் செனட்டில் மார்க் வார்னர் ஒரு மசோதாவை நிறைவேற்றப் பார்த்தார். வெளிநாட்டார் உதவி தருகிறோம் என்று வந்தால் எஃப்.பி.ஐ.க்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மசோதா. குடியரசுக் கட்சியின் மார்ஷா பிளாக்பர்ன் எழுந்து ஆட்சேபித்தார், முடிந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜனநாயகக் கட்சியின் பழைய அதிபர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் நினைவுக்கு வருவார். 1960 ஜனவரியில் சோவியத் தூதர் மென்ஷிகோவ் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் அதிபராக வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி, எங்கள் பத்திரிகைகள் உங்களை எப்படி எழுதினால் உதவியாக இருக்கும், புகழ வேண்டுமா திட்ட வேண்டுமா என்று குருஷ்சேவ் சார்பில் கேட்டார். ஸ்டீவன்சன் மறுத்துவிட்டு, நடந்ததைக் குறிப்பாக எழுதி வைத்தார். 1966 தடைச் சட்டமே அப்போது கிடையாது. எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

2020 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. செனட் உளவுக் குழு, குடியரசுக் கட்சித் தலைமையில், ஏறத்தாழ ஆயிரம் பக்கத்தில் ரஷ்யத் தலையீடு பற்றிய தன் ஐந்தாவது தொகுதியை வெளியிட்டது. மானஃபோர்ட், ரஷ்ய உளவாளி என்று குழு முடிவு செய்த கிலிம்னிக்கோடு பிரசாரத் தகவல்களைப் பகிர்ந்துகொண்டதை நாட்டுக்குப் பெரிய உளவு ஆபத்து என்றே சொன்னது. இரண்டு கட்சியும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வார்த்தைகள். கடைசியில் ஆளுக்கொரு பின்குறிப்பு. குடியரசுக் கட்சிக்காரர்கள், கூட்டுச் சதி எதுவும் இல்லை என்று இதிலிருந்து தெளிவாகிறது என்று எழுதினார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள், கூட்டுச் சதி என்றால் இதுதான் என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் கமலா ஹாரிஸும் ஒருவர். ஒரே சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ஒருத்தர் உப்பில்லை என்றும் இன்னொருத்தர் உப்பு கூடிவிட்டது என்றும் சொல்வதற்குச் சமம். அந்தத் தொகுதியைப் பெரியப்பா, அக்கா இருவருமே மேஜையில் மேற்கோள் காட்டுவார்கள், சில சமயம் ஒரே பக்கத்தை.

இருவர் பட்டியலிலும் வருகிற ஒரு பெயர் உண்டு. இமாத் ஜுபேரி, கலிபோர்னியாக்காரர். ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் பணம் திரட்டினார். 2016இல் டிரம்ப் ஜெயித்ததும் அவருடைய பதவியேற்பு விழாவுக்கு 9 லட்சம் டாலர். வெளிநாட்டாருக்காக ரகசியத் தரகு பார்த்தது, சட்டவிரோத நன்கொடை, வரி ஏய்ப்பு எல்லாம் சேர்த்து 2021இல் 12 வருஷ சிறைத் தண்டனை. அவரைப் பற்றி மட்டும் மேஜையில் சண்டை வந்ததே இல்லை. இரண்டு பேரும் சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்த மௌனம் எனக்குப் பழகியது. எங்கள் ஊர் தூத்துக்குடி என்றேன் அல்லவா. ஸ்டெர்லைட் என்றால் உலகத்துக்குத் தெரிந்தது ஆலையும் 2018 துப்பாக்கிச் சூடும். அந்தக் கம்பெனி பெயர் வேறொரு தீர்ப்பிலும் இருக்கிறது. லண்டனில் பதிவான வேதாந்தாவின் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட், சேசா ஆகியவற்றிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரசும் பாஜகவும் 1976ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியிருப்பதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டு கட்சியும். அதற்கு நடந்த விவாதம் என்ன? 2016 நிதிச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் விளக்கத்தை 2010இலிருந்து முன்தேதியிட்டு மாற்றினார்கள். பழைய நன்கொடை அதற்குள் அடங்கவில்லை என்று தெரிந்ததும் 2018இல் அந்தத் தேதியை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னுக்குத் தள்ளினார்கள். மக்களவையில் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் அந்த நிதி மசோதா நிறைவேறியது. எதற்கும் முட்டிக்கொள்கிற இரண்டு கட்சிகள் இதற்கு முட்டிக்கொள்ளவில்லை. பெரியப்பா வீட்டுச் சண்டை எனக்கு அலுக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒருத்தர் பட்டியலை இன்னொருத்தர் வெறுப்போடாவது படிக்கிறார்கள்.

2021இல் எனக்கு கிரீன் கார்டு வந்தது. இனி நீயும் மொய் எழுதலாம் என்றாள் அக்கா. மூன்று வருஷம் அந்தச் சலுகையை வைத்திருந்தேன், ஒரு பைசா கொடுக்காமல்.

2023இல் ஒஹாயோவில் இரண்டு பெரிய பொது வாக்கெடுப்பு. ஆகஸ்டில், மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த இனி 60 சதவீத ஓட்டு வேண்டும் என்று குடியரசுக் கட்சி கொண்டுவந்தது தோற்றது. நவம்பரில் கருக்கலைப்பு உரிமை சுமார் 57 சதவீதத்தில் ஜெயித்தது. பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது இந்தத் தோல்விகளால் மட்டுமில்லை. ஹான்ஸ்யோர்க் வீஸ் என்று ஒரு சுவிட்சர்லாந்து கோடீஸ்வரர் இருக்கிறார். அவருடைய அமைப்புகள் கோடிக்கணக்கான டாலரை 'சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட்' என்கிற இடதுசாரி நிதிக்குத் தந்தன, அந்த நிதி ஒஹாயோ வாக்கெடுப்புகளில் செலவு செய்தது. வேட்பாளர் தேர்தலில்தான் மத்திய சட்டம் அந்நியரைத் தடுக்கிறது, வாக்கெடுப்பில் இல்லை. ஆணையமே 2021இல் அப்படிச் சொல்லிவிட்டது. "ஏட்டி, ரஷ்யாக்காரன் ஃபேஸ்புக்ல எழுதினா குத்தம், சுவிஸ்காரன் மூட்டையா அனுப்பினா ஜனநாயகமா?" என்றார் மகளிடம்.

அக்கா அன்று சொன்ன பதிலை நான் பெருமையாக நினைக்கவில்லை. அது சட்டப்படிதான் நடக்கிறது, ஆகஸ்ட் பிரேரணைக்குப் பணம் போட்ட ரிச்சர்ட் யூலைன் மட்டும் ஒஹாயோக்காரரா, இல்லினாய்காரர்தானே என்று வாதாடினாள். சட்டப்படிதான் என்கிற வார்த்தையைத்தான் 2019இல் பெரியப்பா ஜிலேபியோடு கொண்டுவந்தார். அவள் அப்போது அதைத் தொடவில்லை என்று சொன்னேனே.

இதற்கு நடுவே ஒஹாயோவின் ஆகப் பெரிய பணக் குற்றம் என்னவென்று கேட்டால், அதில் ஒரு அந்நியரும் இல்லை. உள்ளூர் மின்சாரக் கம்பெனி ஃபர்ஸ்ட்எனர்ஜி, தன் அணு மின் நிலையங்களைக் காப்பாற்றும் சட்டத்துக்காகச் சுமார் 6 கோடி டாலரைக் கறுப்பாகக் கொட்டியது. அதை வாங்கிக்கொண்ட சபாநாயகர் லாரி ஹௌஸ்ஹோல்டருக்கு 2023இல் 20 வருஷம் சிறை. அந்தச் சட்டத்துக்கான கூடுதல் கட்டணம் என் கரண்ட் பில்லிலும் வந்தது. பெரியப்பா பில்லிலும்.

2024இல் மாநில ஆளுநர் டிவைன் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார். ஜூன் தொடக்கத்தில் சட்டம் வந்தது: வாக்கெடுப்பிலும் இனி அந்நியர் பணம் கூடாது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. படித்துக்கொண்டே வந்தால், அந்நியர் என்பதற்குள் கிரீன் கார்டுக்காரரையும் சேர்த்திருந்தார்கள். மத்திய சட்டம் ஐம்பது வருஷமாக உள்ளே விட்டவரை ஒஹாயோ வெளியே தள்ளியது. ஆகஸ்ட் கடைசியில் மத்திய நீதிபதி ஒருவர் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தி வைத்தார். அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்று, அந்தத் தடையை விலக்கியது. வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் மறுபடியும் அந்நியன்.

அந்த மாதம்தான் பிரிட்டனின் தொழிற்கட்சி ஆட்கள் நூறு பேர் வரை ஹாரிஸுக்குப் பிரசாரம் செய்ய வருவதை எதிர்த்து டிரம்ப் தரப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தது. சம்பளம் வாங்காத தொண்டர் அந்நியராக இருந்தாலும் வேலை செய்யலாம் என்பது பழைய விதி. லண்டனிலிருந்து வந்து பென்சில்வேனியாவில் கதவைத் தட்டலாம்; பதினைந்து வருஷமாக ஒஹாயோவில் வரி கட்டுகிற நான் வாக்கெடுப்புக்கு ஒரு டாலர் செலவு செய்யக் கூடாது.

நவம்பர் வாக்கெடுப்பு தொகுதி எல்லை வரைவது பற்றியது. முதலாம் பிரேரணை. அரசியல்வாதிகளிடமிருந்து அதைப் பிடுங்கிக் குடிமக்கள் குழுவிடம் தரச் சொல்லும் திருத்தம். அக்கா ஆதரவு, பெரியப்பா எதிர்ப்பு. அக்கா என் வீட்டு முற்றத்தில் ஆதரவுப் பலகை ஒன்று நட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் என் பையன் சைக்கிளை அதன் மேல் விட்டான். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத் தாங்கும் கம்பிச் சட்டம் ஒடிந்துவிட்டது.

கடையில் அந்தக் கம்பி மூன்று டாலரோ என்னவோ. காரில் ஏறிய பிறகு சந்தேகம் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். இதை நான் வாங்கினால் அந்தச் சட்டத்தில் அது செலவுக் கணக்கில் வருமா?

வக்கீல் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சிரிப்பா இருக்கு. ஆனா வாங்காதே தம்பி" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து வாசலில் பெரியப்பா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, மகள் சொல்லியிருக்கிறாள். கையில் துருப்பிடித்த ஒரு கம்பிச் சட்டம்.

"ராம்னி பலகையோடது. கராஜுல கெடந்துது" என்றார்.

"பெரியப்பா, நீங்க இதுக்கு எதிர்ப்புல்ல?"

"எதிர்ப்புதான். ஆனா நான் சிட்டிசன்லே. நான் குடுக்கலாம்." பலகையை அதில் மாட்டி, காலால் மிதித்து மண்ணில் இறக்கினார். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் சொன்னதற்கு, எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

முதலாம் பிரேரணை தோற்றது. மறுநாள் காலையில் வந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.